மலை காட்டேஜுக்கு ஹாட் டப்: நான்கு வகைகள், ஒரே கேள்வி

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ காட்டேஜ் வாடகைக்கு விடுபவர் ஹாட் டப் என்ற வெந்நீர்த் தொட்டி வாங்கப் போனால், கடையில் முதலில் காட்டுவது நீரைப் பீய்ச்சும் ஜெட்டுகளின் எண்ணிக்கையும் எல்இடி விளக்கும்தான். வாடகைக்கு விடுபவருக்கு அவை இரண்டும் கடைசிக் கவலை. காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்கிறது, மதியம் 2 மணிக்கு அடுத்த குடும்பம் வருகிறது. அதற்குள் தொட்டியைக் காலி செய்து, கழுவி, நிரப்பி, சூடாக்கி முடிக்க முடியுமா? இங்கே நான்கு வகைத் தொட்டிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

தண்ணீரை ஒவ்வொரு குழுவுக்கும் மாற்றத்தான் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டும். பிரிட்டனில் விடுமுறை வீடுகளில் வைக்கும் ஹாட் டப்புகளுக்கு அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, குழுவுக்குக் குழு நீரை மாற்றச் சொல்கிறது; ஒரே குழு நீண்ட நாள் தங்கினால் வாரம் ஒருமுறை. காரணம் குளோரின் கணக்கில் இருக்கிறது. 1,200 லிட்டர் தொட்டியில் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் என்றால் மொத்தமே 3.6 கிராம். 38-40 டிகிரி நீரில் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவருடைய வியர்வையும் தோல் அழுக்கும் சுமார் 9 கிராம் குளோரினைத் தின்றுவிடும். நான்கு பேர் ஒரு மணி நேரம் இருந்தால் தொட்டியில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு தேவை. நள்ளிரவில் அவர்கள் மூடியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகும்போது உள்ளே மிஞ்சுவது குளோரினே இல்லாத வெதுவெதுப்பான நீர். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது போதும்; ஓரிரு நாளில் விருந்தினர் உடம்பில் நீச்சலுடை மூடிய இடங்களில் சிவந்த கொப்புளங்கள் வரும்.

அதைவிடக் கொடியது நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா. நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் 1999-ல் காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இது பரப்பிய நோயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொட்டிக்குள் யாரும் இறங்கவில்லை. அருகில் நடந்து போனவர்கள் குமிழிகளிலிருந்து எழுந்த நுண்துளிகளைச் சுவாசித்தார்கள், அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்கு வருபவர் இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

இனி சூடாக்கும் கணக்கு. ஆயிரம் லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 யூனிட் மின்சாரம் ஆகும். மலையில் குழாய் நீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 1,200 லிட்டரை 38-க்குக் கொண்டுவர 32 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டர் இருந்தாலும் பத்தே முக்கால் மணி நேரம்; வெளிக்குளிரில் இழப்பதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அதாவது மதியம் வரும் விருந்தினர் இரவு 11 மணிக்குத்தான் இறங்க முடியும். பழைய நீரையே விட்டுவைக்கத் தூண்டுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

காற்றடித்து நிரப்பும் வகை: இன்டெக்ஸ் ப்யூர்ஸ்பா, பெஸ்ட்வேயின் லே-இசட்-ஸ்பா இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. ப்யூர்ஸ்பாவின் ஆறு பேர் மாடல் 216 செ.மீ. அகலம், சுமார் 1,100 லிட்டர், 230 வோல்ட்டில் 2.2 கிலோவாட் ஹீட்டர். முதல் சூடேற்றத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. குமிழியை ஓட்டினால் மலைக்காற்றை இழுத்து நீருக்குள் ஊதும், சூடு மளமளவென்று இறங்கும். இ90 என்று திரையில் வந்தால் நீரோட்டம் இல்லை என்று பொருள். வடிகட்டிக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்; ஓடினால் கார்ட்ரிட்ஜ் அடைத்திருக்கிறது, ஓடாவிட்டால் நீர்மட்டம் குறைவு அல்லது குழாயில் காற்று நிற்கிறது. சொந்த வீட்டு மாடிக்கு வாங்கிக்கொள்ளலாம். வாடகைக்கு வேண்டாம்: வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று தயாரிப்பாளரே சொல்லும் பொருள் இது. கொடைக்கானல் குரங்குகளும் எலிகளும் காற்று நிரப்பிய சுவரை நீண்ட நாள் விட்டுவைக்காது.

விறகு அடுப்புத் தொட்டி பார்க்க அழகு. இருபது, முப்பது கிலோவாட் தரும் அடுப்பு என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சூடாகிவிடும், நம் கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஆனால் 40 டிகிரியில் நிறுத்த அதில் வழி இல்லை, பல மாடல்களில் வடிகட்டியும் இல்லை, நீர் இல்லாமல் யாராவது தீ மூட்டினால் அடுப்பு போச்சு. காவலாளி கூடவே நிற்கும் இடத்துக்கு மட்டும்.

நம் ஊரில் ஜக்குஸி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ஜெட் வைத்த குளியல் தொட்டிகள்தான். வடிகட்டி கிடையாது, நீரைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடும் கிடையாது; நிரப்பு, குளி, திறந்துவிடு. இரண்டு பேர் தங்கும் காட்டேஜுக்கு எங்கள் தேர்வு இதுவே. 300 லிட்டர் தொட்டியை 39 டிகிரியில் நிரப்ப 60 டிகிரி நீர் 160 லிட்டர் வேண்டும்; 100 லிட்டர் கீசர் இரண்டு போதும். ஒரு 25 லிட்டர் கீசரை மாட்டிவிட்டு ஜக்குஸி அறை என்று விளம்பரம் செய்யும் இடங்களில்தான் முழங்கால் வரை மட்டும் வெந்நீர் வருகிறது. இதிலும் ஜெட் குழாய்க்குள் கொஞ்சம் நீர் தேங்கும். வாரம் ஒருமுறை குளோரின் கலந்த நீரை நிரப்பி ஜெட்டைப் பதினைந்து நிமிடம் ஓட்டிக் கழுவாவிட்டால், அடுத்த முறை கறுப்புத் துகள்கள் மிதக்கும்.

நான்கைந்து பேர் உட்காரும் திறந்தவெளித் தொட்டிதான் வேண்டும் என்றால், ஹீட்டரும் வடிகட்டியும் சேர்ந்தே வரும் கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக் தொட்டி. 900 முதல் 1,200 லிட்டருக்குள் வாங்குங்கள்; எட்டுப் பேர் தொட்டி வாங்குபவர் ஒவ்வொரு முறையும் அதன் நீருக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டுவார். மின்சாரத்தை மட்டும் நம்பாமல் சோலார் வாட்டர் ஹீட்டருடன் சேர்த்துவிட்டால் நேரக் கணக்கு மாறிவிடுகிறது. 500 லிட்டர் சோலார் தொட்டியில் 60 டிகிரி நீர் இருந்தால், 700 லிட்டர் குளிர்ந்த நீருடன் கலந்து ஏறக்குறைய 34 டிகிரி கிடைக்கும். மீதி நான்கு டிகிரிக்கு 3 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு மணி நேரம் போதும். குளிர்ந்த நீரை முதலில் விட்டு அதன்மேல் வெந்நீரை விடுங்கள். வெந்நீரை நேராக அக்ரிலிக் மேல் ஊற்றக் கூடாது. நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் சப்மெர்சிபிள் பம்பால் கால் மணியில் காலி, அரை மணி துடைப்பு, ஒரு மணி நிரப்பு, இரண்டு மணி சூடு. விருந்தினரிடம் மாலை 4 மணி முதல் தயார் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடலாம். மழை மாதங்களில் சோலார் கைகொடுக்காது; அப்போது மறுநாள் காலை என்று சொல்வதே நேர்மை.

வைக்கும் இடம்: நீர் 1,200 கிலோ, தொட்டி 300, ஐந்து பேர் 350. இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடத்தில் 1,850 கிலோ, சதுர மீட்டருக்கு 460. வீட்டு பால்கனிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ மட்டுமே. பள்ளத்தாக்கு தெரியும் பால்கனியில் வைக்க ஆசை வரும். கட்டடப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் வைக்காதீர்கள். தரையில் கம்பி கட்டிய கான்கிரீட் மேடை போதும். தனி ஒயர், தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, நல்ல எர்த். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் அதை மாற்றிப் பார்க்காமல் ஹீட்டர் காயிலைச் சோதியுங்கள்; பெரும்பாலும் உறை வெடித்து நீர் புகுந்திருக்கும்.

நிரப்பும்போது ஹோஸை வடிகட்டி இருக்கும் குழிக்குள் விடுங்கள். நடுவில் விட்டால் பம்பில் காற்று நின்று, நீரோட்டம் இல்லை என்று பொருள்படும் எஃப்எல்ஓ திரையில் வரும். பம்பையும் குழாயையும் இணைக்கும் யூனியனைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் தொட்டி முழுக்க டீ நிறமாகும், அதனால் முதலில் ஒரு பக்கெட்டில் சோதித்துப் பாருங்கள். ஓடை நீர் மென்மையானது, காரத்தன்மை குறைவு; அதை 80 பிபிஎம் ஆக்குங்கள். ஆயிரம் லிட்டருக்கு 10 பிபிஎம் கூட்ட 17 கிராம் சமையல் சோடா. அடுத்து பிஎச், 7.2 முதல் 7.6. கடைசியில்தான் குளோரின். 56 சதவீத டைகுளோர் தூள் 6.5 கிராம் போட்டால் 1,200 லிட்டரில் 3 பிபிஎம் வரும். இந்தத் தூளில் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வரும். நாள்பட அது தேங்கிக் குளோரினை மந்தமாக்கும். குழுவுக்குக் குழு நீரை மாற்றுபவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

நீச்சல்குளக் கடைகளில் கிடைக்கும் டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை வேண்டாம். கடும் அமிலம், மூழ்கிக் கிடந்த இடத்தில் அக்ரிலிக் வெளுத்துக் கொப்பளிக்கும். ப்ளீச்சிங் பவுடர் ஹீட்டரில் சுண்ணாம்பு படிய வைக்கும். இரண்டையும் ஒரே டப்பாவிலோ ஒரே கரண்டியிலோ கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

நம் விருந்தினர்களிடம் தனியாகக் கவனிக்க வேண்டியது தலை எண்ணெய். தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு இரண்டு பேர் இறங்கினாலே நீர்மட்டக் கோட்டில் பிசுக்கு வளையம் ஏறிவிடும், வடிகட்டி வழவழக்கும், நுரை பொங்கும். நுரையடக்கும் மருந்து ஊற்றுவது மறைப்பு வேலை. தொட்டிக்குப் பக்கத்திலேயே வெந்நீர் ஷவர் வையுங்கள். குளிரில் உள்ளே போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்றால் யாரும் போக மாட்டார்கள். வடிகட்டி இரண்டு செட் வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றது எண்ணெய் நீக்கும் கரைசலில் இரவு முழுக்க ஊறி, அலசி, முழுதாகக் காயட்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஆகாது, அதுவே அடுத்த நுரை. பிரஷர் வாஷர் மடிப்பைக் கிழித்துவிடும்.

மூடியை ஒருவரால் தூக்க முடியவில்லை என்றால் உள்ளே ஃபோம் நீர் குடித்துவிட்டது. காய வைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். பூட்டு இல்லாத மூடி குழந்தைகள் வரும் வீட்டுக்கு ஆகாது. ஐந்து வயதுக்குக் கீழ் தொட்டியில் இறக்க வேண்டாம், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம், மது குடித்தவர் வேண்டவே வேண்டாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வையுங்கள்.

திறந்துவிடும் நீரை நேராக ஓடையில் விடாமல் ஒரு சம்ப்பில் இரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். கோடையில் கொடைக்கானலில் லாரித் தண்ணீர் வாங்குபவர்களுக்கு இந்தச் சம்ப்பின் செலவு சீக்கிரமே தேறும். ஆள் வராத மாதங்களில் பாதி நீரோடு விடாதீர்கள். முழுதாக வடித்து, வெட் வேக்குவம் கொண்டு ஒவ்வொரு ஜெட்டிலும் இழுத்து, குழாயில் தேங்கியதை எடுத்துவிட்டு, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.