14 பக்க அலர்ஜி ரிப்போர்ட், நாங்க படிக்காம விட்ட 12வது பக்கம்

அலர்ஜி ப்ளஸ் இம்யூனிட்டி ஃபுல் பேக்கேஜ்னு ஒரு லேப்ல அம்மாவுக்கு எடுத்தோம், அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. 5க்கு 2 ஸ்டார். அந்த 2ம் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பொண்ணுக்கும், நம்பர் எல்லாம் சரியா வந்ததுக்கும். லேப் பேர் போடல, பேர் சொல்லி சண்ட போடறது நோக்கம் இல்ல, இந்த மாதிரி பேக்கேஜ் வாங்கி வச்சிருக்கவங்க ரிப்போர்ட்ட எடுத்து எந்தப் பக்கத்த முதல்ல பாக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

அம்மாவுக்கு 64 வயசு. ரெண்டு வருஷமா கொசு கடிச்சா ஒத்துக்கல. ஒத்துக்கலன்னா நம்ம எல்லாருக்கும் வர்ற தடிப்பு இல்ல, காலைல சின்னதா செவந்திருக்கும், சாயங்காலத்துக்குள்ள கோலிகுண்டு சைஸ்ல கொப்புளம், உள்ள தண்ணி கோத்துக்கிட்டு, சுத்தி கையகலத்துக்கு செவப்பு, தொட்டா சுடும், ஆறறதுக்கு மூணு வாரம், ஆறினாலும் கறுப்பா தழும்பு நிக்கும். சில தடவ கொசு கடிச்ச ஞாபகமே அவங்களுக்கு இருக்காது, கொப்புளம் மட்டும் வந்து நிக்கும். கூடவே சைனஸ், சளி, ஆறு மாசத்துல மூணு கோர்ஸ் ஆன்டிபயாடிக். பாத்தவங்க எல்லாரும் அலர்ஜினு சொன்னாங்க, நாங்களும் அப்டித்தான் நெனச்சோம், செட்ரிசின் போட்டுட்டு அம்மா பாதி நாள் தூங்கி வழிஞ்சாங்க.

புக்கிங் எல்லாம் சுலபம். ரத்தம் எடுக்க வந்த பொண்ண பத்தி சொல்லியே ஆகணும், அம்மாவுக்கு நரம்பே கெடைக்காது, எப்பவும் ரெண்டு கையிலயும் குத்தி நீலமாக்கிடுவாங்க, இந்தப் பொண்ணு கைய வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வைக்க சொல்லி, குழந்தைங்களுக்கு போடற சன்ன ஊசி எடுத்து, ஒரே குத்துல எடுத்துட்டு போச்சு. ரெண்டு நாள்ல பிடிஎஃப் வந்துடுச்சு, 14 பக்கம்.

முதல் 9 பக்கம் முழுக்க கலர் கலரா பட்டை. எதுக்கு அலர்ஜி, எதுக்கு இல்லனு பச்சை, மஞ்சள், செவப்பு. அம்மாவுக்கு மஞ்சள்ல 11 வந்துச்சு, எல்லாமே கிளாஸ் 1, அதாவது 0.35ல இருந்து 0.7க்குள்ள. இப்ப எனக்கு புரியுது, அந்த அளவு ஐஜிஇ, அதாவது அலர்ஜில வேல செய்யற ஆன்டிபாடி, ரத்தத்துல இருந்தா உடம்பு அந்தப் பொருள அடையாளம் கண்டு வச்சிருக்குனு தான் அர்த்தம், அது பட்டாலோ சாப்ட்டாலோ நெஜமாவே அரிப்போ மூச்சு திணறலோ வந்தா தான் அதுக்கு பேர் அலர்ஜி. அம்மாவுக்கு அந்த 11ல ஒண்ணுத்துக்கும் எப்பவும் எதுவும் வந்ததில்ல. அப்ப யாரும் எங்கள அப்டி கேக்கல.

10வது, 11வது பக்கம் உணவு ஐஜிஜி டெஸ்ட், அது மொத்தமும் செவப்பு. அடுத்த நாளே லேப்ல இருந்து டயட் கவுன்சிலர்னு ஒருத்தங்க ஃபோன் பண்ணி 17 அயிட்டம் நிறுத்த சொன்னாங்க. அம்மா அத அவங்க கையெழுத்துலயே எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டாங்க. ரெண்டரை மாசத்துல 61 கிலோல இருந்து 55க்கு வந்துட்டாங்க, டயட் நல்லா வேல செய்யுதுனு நாங்க சந்தோஷப்பட்டோம். இத டைப் பண்றப்பவும் மனசு வலிக்குது. உணவு ஐஜிஜி4, ஐஜிஜிலயே ஒரு வகை, அலர்ஜிய கண்டுபுடிக்க உதவாது, நாம அடிக்கடி சாப்டற பொருளுக்கு உடம்பு போடற சாதாரண குறிப்பு அது, அத வச்சு அலர்ஜினு முடிவு பண்ணக்கூடாதுனு ஐரோப்பிய அலர்ஜி டாக்டர்ங்க சங்கம் 2008லயே சொல்லிடுச்சு, அமெரிக்க சங்கம் 2010ல அதயே சொல்லுச்சு. அத்தன வருஷம் கழிச்சும் இத பேக்கேஜ்ல வச்சு வித்து, 64 வயசு அம்மாவோட தட்டுல இருந்து 17 பொருள எடுக்க சொல்றாங்கன்னா கோவம் வராம எப்டி இருக்கும்.

12வது பக்கத்த பாத்தது என் தங்கச்சி. வேற எதுக்கோ பழைய ஹீமோகுளோபின் நம்பர் தேடறப்ப அந்தப் பக்கத்துக்கு போயிருக்கா. அது சாதாரண சிபிசி, எந்த லேப்லயும் எடுக்கற ரத்த அணு எண்ணிக்கை. கலர் கெடையாது, பட்டை கெடையாது, ரெண்டு வரிக்கு பக்கத்துல மட்டும் பொடி எழுத்துல ஹெச்னு போட்டிருந்துச்சு. வெள்ளை அணு 21,400. அதுல ஒரு வகையான லிம்போசைட் 74 சதவீதம். ரெண்டையும் பெருக்கினா 15,836. பெரியவங்களுக்கு லிம்போசைட் 1,000ல இருந்து 4,800 வரைக்கும் தான் இருக்கும். சதவீதம் மட்டும் பாத்தா ஏதோ இன்ஃபெக்‌ஷன்னு தோணும், பெருக்கி பாத்தா தான் உறைக்கும், அந்தப் பெருக்கின நம்பரையும் லேப் போடல.

13வது பக்கம் இன்னும் மோசம். இம்யூனிட்டி ப்ரொஃபைல்ல அம்மாவோட மொத்த ஐஜிஜி லிட்டருக்கு 4.6 கிராம், இருக்க வேண்டியது கிட்டத்தட்ட 7ல இருந்து 16 வரைக்கும். அதாவது கிருமியோட சண்ட போடற ஆன்டிபாடியே கம்மி, மூணு கோர்ஸ் ஆன்டிபயாடிக்குக்கு காரணம் அங்கயே எழுதியிருக்கு. அதுக்கு கீழ அவங்க போட்ட கமென்ட், எதிர்ப்பு சக்தி குறைவு, சப்ளிமென்ட் எடுத்துக்கவும்னு, பக்கத்துல அவங்க மாத்திரைய வாங்கறதுக்கு ஒரு லிங்க். லிம்போசைட் மூணு மடங்குக்கு மேல ஏறியிருக்கு, ஐஜிஜி எறங்கியிருக்கு, ரெண்டும் அடுத்தடுத்த பக்கம், ரெண்டையும் சேத்து பாக்க ஒரு ஆள் இல்ல. ஃபோன் பண்ணி கேட்டதுக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்கனு ரிப்போர்ட் அடியில போட்டிருக்கோமேனு சொன்னாங்க. போட்டிருக்காங்க, உண்மை. அப்ப டயட்டுக்கு மட்டும் எதுக்கு அவங்களா ஃபோன் பண்ணாங்க?

அங்கிருந்து ஒரு ரத்த நோய் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனோம், அவருக்கு 5க்கு 5. பேப்பர ஒரு நிமிஷம் பாத்தார், அப்றம் கீழ வச்சுட்டு அம்மாவோட முழங்கைக்கு மேல இருந்த தழும்ப பாத்தார். "கொசு கடிச்சா சின்ன வயசுல இருந்தே இப்டி வருமா அம்மா, இல்ல இப்ப தானா?" அம்மா "இல்ல சார், ரெண்டு வருஷமா தான்"னு சொன்னதும் தலையாட்டினார். இந்த ஒரு கேள்விய அதுவரைக்கும் யாருமே கேக்கல. சிஎல்எல்னு ஒரு ரத்தப் புற்றுநோய்ல கொசுக்கடிக்கு இந்த மாதிரி அளவுக்கு மீறி கொப்புளம் வரும்னு 1965லயே எழுதி வச்சிருக்காங்களாம், கடிச்ச ஞாபகம் இல்லாம வர்றதும் அதுல உண்டாம். கழுத்து, அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் தடவி நெறி கட்டியிருக்கானு பாத்தார், இடது விலாவுக்கு கீழ மண்ணீரல் தட்டுப்படுதானு அமுக்கி பாத்தார், ராத்திரி துணி நனையற அளவுக்கு வேர்க்குமா, காரணமில்லாம காய்ச்சல் வருமா, எடை கொறஞ்சுதானு கேட்டார். எடைனு கேட்டதும் நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அது டயட்டால கொறஞ்சதா நோயால கொறஞ்சதானு அப்ப பிரிக்கவே முடியல, அதனால முதல் வேலையா ஃப்ரிட்ஜ்ல இருக்கற பேப்பர கிழிக்க சொன்னார். ரெண்டு மாசத்துல நாலு கிலோ திரும்பி வந்துச்சு, அதுக்கப்றம் தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு.

ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்ல எங்களயும் பாக்க விட்டார். உருண்ட உருண்டையா ஒரே மாதிரி செல்லுங்க, நடுநடுவுல ஈர விரலால தேய்ச்ச மை மாதிரி கலஞ்ச திட்டு. அந்த செல்லுங்க வலு இல்லாதது, கண்ணாடில தேய்க்கறப்பவே ஒடஞ்சுடும், அதுக்கு ஸ்மட்ஜ் செல்னு பேர்னு சொன்னார். செல் மேல இருக்கற அடையாளத்த பாக்கற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட்ல சிடி5, சிடி19, சிடி23னு மூணு அடையாளமும் ஒரே செல் மேல இருக்குனு வந்துச்சு, ஒரே அச்சுல வார்த்த பி செல் (ஆன்டிபாடி உருவாக்கற லிம்போசைட் வகை) 5,000க்கு மேல மூணு மாசமா நின்னா தான் சிஎல்எல்னு சொல்வாங்கனு மறுபடி எடுத்து உறுதி பண்ணாங்க. ராய் ஸ்டேஜ் 0, அதாவது ஆரம்ப ஸ்டேஜ். இப்ப மருந்து வேணாம், பாத்துக்கிட்டே இருப்போம்னு சொன்னார். கேன்சர்னு சொல்லிட்டு மருந்து வேணாம்னா எப்டினு அம்மா கேட்டாங்க, ஆரம்ப ஸ்டேஜ்ல தொந்தரவு இல்லாதப்ப சீக்கிரம் மருந்த ஆரம்பிச்சு ஆயுசு கூடலனு பாத்திருக்காங்க, தேவப்படறப்ப குடுக்க நல்ல மருந்து இருக்குனு பொறுமையா சொன்னார்.

அந்த மருந்துக்கு பின்னாடி இருக்கற கதைய அவர் சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சுது. 1952ல ப்ரூட்டன்னு ஒரு டாக்டர், அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வர்ற ஒரு பையன் ரத்தத்துல ஆன்டிபாடியே இல்லனு கண்டுபுடிச்சார். அந்த வியாதிக்கு காரணமான புரோட்டீன் 1993ல தெரிஞ்சுது, அவர் பேரையே வச்சு பிடிகேனு கூப்பிடறாங்க, அது இல்லனா பி செல் வளராது. அப்ப பெருகிக் கெடக்கற பி செல்ல அடக்க அதயே பூட்டிட்டா என்ன? இப்ரூட்டினிப் அப்டி வந்தது தான், 2014ல அமெரிக்கால சிஎல்எல்லுக்கு அனுமதி கெடச்சுது. அதே பிடிகே அலர்ஜில ஹிஸ்டமின் விடற மாஸ்ட் செல்லுக்குள்ளயும் இருக்கு, 2025ல ரெமிப்ரூட்டினிப்னு அதே வகை மருந்து ஒண்ணு நாள்பட்ட தடிப்பு அரிப்புக்கு அங்க வந்துடுச்சு. இன்னொண்ணும் சொன்னார், அலர்ஜிக்கு நாம அளக்கற ஐஜிஇய 1960கள்ல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபுடிச்சாங்க, அதுல ஸ்வீடன் குழுவுக்கு அது கெடச்சது ஒரு மைலோமா பேஷன்ட் ரத்தத்துல இருந்து, மைலோமாவும் ரத்தப் புற்றுநோய் தான். அலர்ஜி, எதிர்ப்பு சக்தி கொறவு, ரத்தப் புற்றுநோய்னு நாம மூணு கட்டத்துல போட்டு வச்சிருக்கோம், செல்லுங்க அதே செல்லுங்க தான்.

அப்ப அலர்ஜி இருந்தா கேன்சர் வருமானு உங்களுக்கு தோணும், நாங்களும் அத தான் கேட்டோம். அப்டி எடுத்துக்காதீங்கனு அழுத்தி சொன்னார். ஆய்வுங்க ஒரே மாதிரி வரல, குழந்தைங்களோட லுக்கேமியால அலர்ஜி இருக்கறவங்களுக்கு ரிஸ்க் கம்மினு சிலது, பெரியவங்ககிட்ட சில வகைல கொஞ்சம் கூடனு சிலது. தும்மலும் தடிப்பும் உலகத்துல கோடிக்கணக்கான பேருக்கு இருக்கு, அதுல ரொம்ப ரொம்ப பெரும்பாலானவங்களுக்கு அது வெறும் அலர்ஜி தான். கவனிக்க வேண்டியது தலகீழா, ரத்த நோய் அலர்ஜி வேஷத்துல வர்றது. குளிச்சு முடிச்சதும் தடிப்பே இல்லாம உடம்பு முழுக்க பிச்சு புடுங்கற அரிப்பு வந்தா ஹீமோகுளோபின் ஏறியிருக்கானு பாக்கணும், சிவப்பு அணு அளவுக்கு மீறி பெருகற பாலிசைத்தீமியா வேரால அப்டி வரும். ஹாட்ஜ்கின் லிம்போமாங்கற நெறி புற்றுநோய்ல நெறி கண்ணுல படறதுக்கு முன்னாடியே அரிப்பு வரலாம். பூச்சி கொட்டி பிபி எறங்கி மயக்கம் போட்டவங்களுக்கு ட்ரிப்டேஸ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 20க்கு மேல நின்னா மாஸ்ட் செல் பெருகற மாஸ்டோசைட்டோசிஸ் இருக்கானு தேடுவாங்க. அலர்ஜில ஏறற ஈசினோஃபில்ங்கற வெள்ளை அணு 1,500க்கு மேல மாசக்கணக்குல நின்னா வெறும் அலர்ஜினு விடக்கூடாது. தடிப்பே இல்லாம உதடும் நாக்கும் வீங்கி, அலர்ஜி மாத்திரைக்கு அசையலனா, அதுவும் வயசானப்றம் புதுசா வந்தா, சி4னு ஒரு ரத்த டெஸ்ட் கேக்கணும், சில லிம்போமால அப்டி ஒரு வீக்கம் வரும். எக்ஸிமானு வருஷக்கணக்கா களிம்பு போட்டு கடைசில பயாப்சில தோல் லிம்போமானு வந்தவங்களும் உண்டு.

ஒண்ணு முக்கியம், ஸ்டீராய்டு. அரிப்பு தாங்கலனு டெஸ்ட்டுக்கு முன்னாடியே ப்ரெட்னிசோலோன் முழுங்கிட்டா ஈசினோஃபில் சட்டுனு எறங்கிடும், லிம்போமா கட்டி கூட கொஞ்ச நாளைக்கு சுருங்கிடும், பயாப்சி குழம்பிடும். மாத்திரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சிபிசி, அவ்ளோ தான். ஏற்கனவே சாப்டறவங்க நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அப்ப இந்த பேக்கேஜ் வேஸ்ட்டானு கேட்டா, அம்மாவுக்கு உதவினது 12வதும் 13வதும் தான், அந்த ரெண்டையும் தனியா எழுதி குடுத்திருந்தாலே போதும். ஏற்கனவே எடுத்தவங்க கலர் பக்கத்த விட்டுட்டு வெள்ளை அணுவையும் சதவீதத்தையும் பெருக்கி பாருங்க, புரியலனா ரிப்போர்ட்ட தூக்கிட்டு ஒரு டாக்டர நேர்ல போய் பாருங்க.

அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஜன்னலுக்கு எல்லாம் வலை அடிச்சாச்சு, நிமோனியா தடுப்பூசி போட்டாச்சு, உயிருள்ள கிருமி போட்ட தடுப்பூசி மட்டும் கூடாதுனு சொல்லியிருக்கார். மூணு மாசத்துக்கு ஒருக்கா சிபிசி, அதுக்கு அதே லேப்ல அதே பொண்ண தான் வர சொல்றோம், நரம்ப ஒரே குத்துல புடிச்சுடுது. லிம்போசைட் ஆறு மாசத்துக்குள்ள ரெட்டிப்பாகுதானு தான் டாக்டர் பாக்கறார். போன வாரம் 16,300. தங்கச்சி அத பழைய நம்பருக்கு கீழ எழுதி, பேப்பர ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கா.