புயல்வானத்தைப் படமெடுக்க: முட்டமா, மெரினாவா?

தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து நேராக வந்து மோதும் கரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம். ஜூன் மாதத்தில் பாறைகளில் உடையும் அலைகளே படத்தின் பாதியை நிரப்பிவிடும். மாலைச் சூரியன் கடலில் இறங்குவதால் கருமேகத்தின் விளிம்புகள் பின்னொளியில் தகதகக்கும். ஆனால் அந்த மழையில் இடி மின்னல் குறைவு; மின்னல் வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களின் கோடைமழைக்குப் போக வேண்டும். உப்புச்சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், துணி கையிலேயே இருக்கட்டும்.

மெரினாவின் அழகு மின்னல்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையின் இடிமழை பெரும்பாலும் மேற்கே நிலத்தில் உருவாகி, மாலையிலோ இரவிலோ நகரைக் கடந்து வங்கக்கடலுக்குள் நகரும். அப்படி விலகிச் செல்லும் மேகத்தை, இரவில் கேமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் பத்து நொடித் திறப்பில் தொடர்ந்து எடுக்கலாம். எந்தச் சட்டகத்தில் மின்னல் விழும் என்று காத்திருக்கும் பரவசத்துக்கு ஈடே கிடையாது! பொழுது சாயும் முன் மேற்கில் வெயில் எட்டிப்பார்த்தால் கடல்மேல் வானவில்லும் வரும். அக்டோபருக்குப் பின் திசை மாறிவிடும்; மேகங்கள் கடலிலிருந்தே வரும், பின்னிரவிலும் விடியலிலும் அதிகமாக.

புதியவருக்கு நான் மெரினாவையே சொல்வேன். வானிலை மையத்தின் ரேடார் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், ஒதுங்கக் கட்டடங்களும் அருகில் உண்டு. முட்டத்தின் ஈரப்பாறைகளில் அப்படி ஒதுங்கும் வசதி இல்லை. இரண்டு இடத்திலும் மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குள் வந்தால், அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெட்டவெளியை விட்டு உடனே வெளியேறுங்கள்.