இன்ஜின் மாற்றிய ஜீப்பும் போர்டு இல்லாத பட்டறையும்

வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் பட்டறையைப் பற்றிச் சொல்வது புரியும். என்னிடம் இருப்பது மகிந்திரா சிஜே 3பி. பெட்ரோல் ஜீப்பாகப் பிறந்தது, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்திலேயே டீசலுக்கு மாறிவிட்டது. முதலில் இருந்த 2.2 லிட்டர் ஹரிகேன் இன்ஜின் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் (போர்) 90 மில்லிமீட்டர், அதனால்தான் அந்தப் பெயர், 2112 சிசி. கியர்பாக்ஸ் மட்டும் ஜீப்பின் பழைய மூணு கியர்தான். வருஷத்தில் நாலைந்து தடவை மூணாறு, மேகமலை, வாகமண் என்று வீட்டோடு கிளம்புவது இதில்தான்.

கொஞ்ச நாளாக இது போடிமெட்டு மலைப்பாதையில் ஏறினாலே மானத்தை வாங்கியது. 17 கொண்டை ஊசி வளைவு, பாதி தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன், பின் சீட்டில் மாமியார் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அது போதாதென்று இரண்டாவது கியர் தானாக நழுவும், கிளட்சை மிதித்தால் காலில் ஒரு நடுக்கம். மூன்று மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒருவர் ரேடியேட்டரைக் கழுவினார். ஒருவர் இன்ஜின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தார், அதனால் மலையில் சூடு குறையவில்லை, சமவெளியில் இன்ஜின் சூடே ஏறாமல் புகை தள்ள ஆரம்பித்ததுதான் மிச்சம். மூன்றாமவர் ஒரே வருஷத்தில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்றினார். இரண்டு தடவையும் முழுக் காசு.

அப்புறம்தான் தேனிக்கும் போடிக்கும் நடுவே இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது, தகரக் கொட்டகை, பக்கத்திலேயே லேத், அதாவது இரும்பு கடைசல் மெஷின். எஸ்டேட் ஜீப் ஓட்டுபவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். நடத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். இன்ஜின் நம்பரும் டீசல் என்பதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார். இப்போது ஒரு இன்ஜினை எடுத்து வேறொன்றைப் போடும் வேலைக்கு அவர் ஒப்புக்கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைக் காட்டி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஏற்கெனவே மாற்றி, ஆர்.சி.யில் ஏறிய வண்டிகளுக்குத்தான் அவர் வைத்தியம்.

கியர்பாக்ஸை இறக்கினார். புதிதாக எதையும் வாங்கி வரச் சொல்வார் என்று பர்ஸைத் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. இன்ஜினின் பின்பக்கம் சுழலும் ஃபிளைவீலில், நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜை மாட்டி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் அடாப்டர் பிளேட்டின் துளையைச் சுற்றி வரவிட்டு முள்ளைக் காட்டினார். மையம் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அந்த பிளேட்டை ஒரே இடத்தில் உட்கார வைக்கும் டவல் பின்னே இல்லை, போல்ட்டை நம்பித்தான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. போல்ட் துளையில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும், ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் பிளேட் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கோணலாக நுழைந்தால் அதன் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் தேயும், கிளட்ச் நடுங்கும், கியர் நழுவும். அவர் சொன்னது: "தம்பி, மாப்பிள்ளை வீடும் நல்ல வீடு, பொண்ணு வீடும் நல்ல வீடு. தரகன்தான் சரியில்ல."

லேத்தில் பிளேட்டை மையம் பிடித்து, டவல் பின் இரண்டு அடித்து, பைலட் பேரிங் புதிது போட்டார். கிளட்ச் பிளேட் இருந்ததையே திரும்பப் போட்டுவிட்டார். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

சூட்டுக்குக் காரணமும் இதே மாதிரிதான். டீசல் இன்ஜின் உட்கார்ந்த இடத்தில் ஃபேன், ரேடியேட்டரின் நடுவுக்கு நேராக இல்லை, கொஞ்சம் பின்னால் வேறு இருக்கிறது. அதனால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கவாட்டில் இருக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று காப்பாற்றிவிடும், முதல் கியரில் மலை ஏறும்போது என்ன செய்யும்? தகரத்தில் ஒரு கூண்டு அடித்து ஃபேனைச் சுற்றி மூடினார், ரேடியேட்டருக்கு நாலு வரிசைக் குழாய் உள்ள கோர் போட்டார், தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினார். கூடவே, இன்ஜினில் இருந்து சேஸிஸுக்குக் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் பட்டையே இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுவதை நான் மாதக்கணக்கில் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், செல்ஃப் மோட்டார் கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் போயிருக்கிறது.

ஆசையில் இன்னொன்றும் கேட்டேன். ஆக்ஸில் பல் விகிதம் பழைய பெட்ரோல் ஜீப்பின் 5.38 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று) என்பதால் 60-இல் போனாலே இன்ஜின் நிமிஷத்துக்கு 2,300 சுற்றைத் தாண்டிக் கத்துகிறது, ஆக்ஸிலில் 4.88 பல் செட் (கிரவுன் பினியன்) போடலாமா என்று. முன்னாலும் பின்னாலும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஃபோர் வீல் போட்டதும் முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும், மலைக்கு இருக்கிறதே நல்லது, விடுங்கள் என்றார். வர வேண்டிய காசை வேண்டாம் என்ற மெக்கானிக்கை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஐந்து நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும். 22,000 என்று ஆரம்பித்தது 27,800-இல் முடிந்தது, கோர் விலையை முதலில் சேர்க்கவில்லையாம். பில் என்றால் காலண்டர் தாளின் பின்பக்கம். சீட்டில் கிரீஸ் கை அச்சு அப்படியே இருந்தது, சர்வீஸ் சென்டர் மாதிரி கழுவித் துடைத்துத் தருவார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து அதே ஆட்களோடு அதே போடிமெட்டு ஏறினோம். முள் முக்கால் வரை போய் அங்கேயே நின்றது, மேலே டீக்கடை வரும் வரை பானெட்டைத் திறக்கவில்லை. மாமியார் முதல் முறையாக வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

போவதானால் காலை பத்து மணிக்குள் போங்கள், மத்தியானம் அவர் லேத் பக்கம் போய்விட்டால் சாயங்காலம்தான் பிடிக்க முடியும். ஆர்.சி. புத்தகம் கையில் இல்லாமல் போனால் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.