காசநோய் அபாயம் சொல்லும் உமிழ்நீர்ப் பரிசோதனை: ஒரு பயனாளரின் மதிப்பீடு

தம்பிக்கு நுரையீரல் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் உறுதியான அதே வாரத்தில், ஒரே அறையில் உறங்கிய எனக்கும் அது வருமோ என்ற அச்சத்தில், மரபணுவைப் படித்து நோய் அபாயங்களைக் கணித்துத் தரும் ஒரு நிறுவனத்தின் சேவையைப் பெற்றேன். அறிக்கையில் நான் தேடியது காசநோய்ப் பக்கத்தை மட்டுமே என்பதால் இந்த மதிப்பீடும் அதைப் பற்றியதே.

மாதிரி எடுப்பதில் குறையில்லை. நுரை கணக்கில் சேராது, உமிழ்நீர் மட்டுமே குழாயின் கோட்டைத் தொட வேண்டும் என்பதால் கால் மணி நேரம் பிடித்தது.

அறிக்கையில் அரைவட்ட அளவி ஒன்றின் முள் பச்சைப் பகுதியில் நின்றது; கீழே தடித்த எழுத்தில் "குறைந்த அபாயம்" என்றிருந்தது. அதைப் பார்த்ததும் மனம் லேசானது உண்மை. ஆனால் பக்கத்தின் அடியில், எஸ்எல்சி11ஏ1, வைட்டமின் டி ஏற்பி ஆகிய இரண்டு மரபணுக்களின் சில மாறுபாடுகளை மட்டும் கொண்டே இந்த முடிவு எட்டப்பட்டதாகப் பொடி எழுத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். முதல் மரபணுவுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு காம்பியாவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. எனினும் அதன் தாக்கம் சிறியது, எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி தென்படுவதுமில்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளிலும் அமைந்தால் காசநோய் அபாயத்தைத் தெளிவாக உயர்த்துவதாக 2018இல் காட்டப்பட்ட, டிஒய்கே2 என்ற மரபணுவின் மாறுபாடு (ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவரிடம் இப்படி அமைகிறது) அந்தப் பக்கத்தில் இடம்பெறவே இல்லை.

மரபணுவுக்கு இந்நோயில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, இரு கரு இரட்டையரைவிட அதிகம் என்பது 1940களிலேயே பதிவானது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், நோய்க்கிருமி கலந்துவிட்ட தடுப்பு மருந்து சுமார் 250 பச்சிளங்குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டபோது எழுபதுக்கும் மேற்பட்டவை இறந்தன, பெரும்பாலானவை பிழைத்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் போன கிருமியின் அளவு வேறுபட்டது என்றாலும், உடல்வாகின் பங்கைப் பேசுவோர் இன்றும் இந்நிகழ்வை நினைவுகூர்கிறார்கள். ஆனால் அந்தப் பங்கு பல மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. அவர்களுள் ஒருவராகிவிடும் வாய்ப்பை எச்ஐவி, நீரிழிவு, ஊட்டக்குறைவு, புகைப்பழக்கம் ஆகியவை வெகுவாகக் கூட்டுகின்றன. வீட்டில் நோயாளி இருக்கிறாரா என்றுகூடக் கேட்காமல் பச்சை முள்ளைக் காட்டுவது ஆபத்தானது; அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்திருப்பேன்.

பாராட்ட வேண்டிய பக்கமும் ஒன்று உண்டு. என்ஏடி2 மரபணுவின்படி, காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட் மாத்திரையை என் உடல் மெதுவாகவே சிதைக்கும் என்றும், அத்தகையோருக்குக் கல்லீரல் பாதிப்பு நேரும் வாய்ப்பு கூடுதல் என்றும், அளவைத் தாமாக மாற்றாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். எனக்கு நோய் வராமல் தடுக்கும் மாத்திரைகளைத் தொடங்கும் முன் மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கல்லீரல் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் தருகிறேன். இரண்டும் அந்த மருந்துப் பக்கத்துக்கே. காசநோய்ப் பக்கத்தின் அளவியை எடுத்துவிட்டு, நோயாளியுடன் வசிப்பவர்கள் எந்த முடிவு வந்தாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அதே இடத்தில், அதே தடித்த எழுத்தில் அச்சிடுமாறு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.