சுற்றுலாப் பேருந்தா, ஒருநாள் பயண அட்டையா?

புதிய பெருநகரம் ஒன்றைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன: வேண்டிய இடத்தில் இறங்கி மீண்டும் ஏறிக்கொள்ளும் சுற்றுலாப் பேருந்து, அல்லது நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் பொதுவான ஒருநாள் பயண அட்டை.

சுற்றுலாப் பேருந்தின் கூரையற்ற மேல்தளத்தில் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்தால், எந்தக் கட்டடம் எது என்று தேடும் வேலை மிச்சமாகிறது. நடக்க இயலாத முதியவர்களுக்கு இது உண்மையிலேயே வசதிதான். ஆனால், பல நகரங்களில் இது ஒரே திசையில் மட்டுமே வட்டமிடுவதால், தாண்டிவந்த அருங்காட்சியகத்துக்குத் திரும்ப விரும்புபவர் மீதிச் சுற்று முழுவதையும் முடித்தாக வேண்டியிருக்கிறது. மாலையானதும் சேவை நின்றுவிடுவதும் உண்டு.

பயண அட்டையில் வர்ணனை கிடையாது. வழியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். எனினும் கட்டணம் பொதுவாக மிகக் குறைவு. சில நகரங்களில் படகுச் சேவையும் அதில் அடங்கிவிடும் என்பதால், தனிப் படகுச் சவாரிக்குச் செலவிட வேண்டியதில்லை. அட்டையின் விலையை ஒருமுறைக் கட்டணத்தால் வகுத்துப் பார்த்து, அதைவிட அதிகமுறை ஏறுவோமா என்று கணக்கிடுவது நல்லது. அது முதற்பயணத்திலிருந்து 24 மணி நேரம் செல்லுமா, நள்ளிரவோடு முடிந்துவிடுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். பின்னதாயின் பிற்பகலில் வாங்குவது வீண்.

கால்வலி இல்லாதவரையில் என் தேர்வு பயண அட்டையே.