வீட்டில் நாய்க்கு சலைன்: எதை வாங்கலாம், எதில் காசு வீண்

சிறுநீரகம் தளர்ந்துபோன நாய்க்கு வீட்டிலேயே சலைன் ஏற்றச் சொல்லி மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் பெரும்பாலும் மூன்றே வரிகள்தான் இருக்கும்: ஆர்.எல். 500 மி.லி. (சலைன் பாட்டில்), ஐ.வி. செட் (சொட்டு இறங்கும் குழாய்), 18 ஜி ஊசி (ஜி என்பது தடிமன் எண், எண் கூடக்கூட ஊசி மெலியும்). எல்லாமே தெருமுனை மெடிக்கலில் கிடைப்பவை. செல்லப்பிராணிக் கடைப் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் அந்த மூன்று வரிக்குள் தவறாக வாங்குவதற்கு இடம் நிறைய இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டத்தில் கொடுக்கும் காசுக்கு இவ்வளவு பலன் தரும் பொருள் வேறில்லை. நோய் குணமாகாது. கெட்டுப்போன சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்காமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நாய் எவ்வளவு குடித்தாலும் உடம்பு காயும், யூரியா ஏறும், குமட்டும், குமட்டுவதால் குடிப்பதும் நின்றுவிடும். தோலுக்கடியில் ஏற்றும் சலைன் இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. ஏற்றிய மறுநாள் நாய் தானாக எழுந்துவந்து தட்டை முகர்ந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

யாருக்கு இது பொருந்தும்? செல்லப்பிராணிகளின் சிறுநீரக நோயை நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச அமைப்பான ஐரிஸின் வகைப்படி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 2.9 முதல் 5 மி.கி. வரை இருந்தால் மூன்றாம் நிலை, 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. நாள்பட்ட நோயில் இந்த இரண்டு நிலைகளில்தான் வீட்டு சலைன் பேச்சு வரும். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் தாக்கித் திடீரென்று சிறுநீரகம் நின்ற நாய் என்றால் கதையே வேறு. அது மீள வாய்ப்புள்ள நோய். மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், வீட்டில் வைத்து நாளைக் கடத்தக்கூடாது. அந்த நோய் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும், கையுறை கட்டாயம். இதய நோயுள்ள நாய்க்கும், சிறுநீரே பிரியாத நாய்க்கும் வீட்டு சலைன் ஆபத்து. ஏற்றும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் போய்த் தேங்கும்.

இனி பொருட்கள். முதலில் பாட்டில். ஆர்.எல். என்கிற ரிங்கர் லாக்டேட்தான் முதல் தேர்வு. என்.எஸ். என்கிற உப்புச் சலைனும் ஏற்றலாம், ஆனால் அமிலத்தன்மை சற்றுக் கூடுதல் என்பதால் எரியும். பல நாய்கள் துள்ளும். உப்பும் அதில் அதிகம். எந்தக் காரணம் கொண்டும் வாங்கக்கூடாதவை டி5, டி.என்.எஸ். என்று எழுதிய டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்கள். சர்க்கரைச் சத்துள்ள நீர் தோலுக்கடியில் போனால் எரிச்சல், சீழ்க்கட்டி, சில சமயம் தோலே உரிந்துபோவது வரை கொண்டுவிடும். நம் வீடுகளில் எந்த டிரிப்ஸையும் குளுக்கோஸ் என்றுதான் சொல்வோம். கடையில் போய் "குளுக்கோஸ் பாட்டில் ஒண்ணு" என்று கேட்டால் கடைக்காரர் நியாயமாக அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். பாட்டில்களெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சீட்டைக் காட்டி வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் லேபிளை இன்னொரு முறை படியுங்கள். நீர் கலங்கியிருந்தாலோ, மிதக்கும் துகள் தெரிந்தாலோ, அமுக்கிப் பார்த்துக் கசிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம்மூரில் விற்பவை பெரும்பாலும் சற்று விறைப்பான பிளாஸ்டிக் பாட்டில்கள். பாதி இறங்கியதும் பாட்டில் உள்வாங்கிச் சுருங்கி, சொட்டு நின்றுவிடும். மருந்து தீரவில்லை, உள்ளே காற்று போகவில்லை. காற்றுத் துளையுள்ள ஐ.வி. செட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அது கிடைக்காவிட்டால், தொங்கவிட்ட பாட்டிலின் மேற்பகுதியில் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு புதிய ஊசியைக் குத்திவிடுவார்கள், மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படித் துளையிட்ட பாட்டிலில் கிருமி புகும் வாய்ப்பு கூடுதல். மிச்சத்தை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை.

ஐ.வி. செட்டில் 'மேக்ரோ' என்று கேளுங்கள். 'மைக்ரோ' செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு, குழந்தைகளுக்கானது. அதை மாட்டினால் 200 மி.லி. இறங்குவதற்குள் எந்த நாயும் பொறுமை இழந்துவிடும். மேக்ரோ செட்டும் 18 ஜி ஊசியும் இருந்து, பாட்டில் நாயின் முதுகுக்கு மூன்றடி உயரத்தில் தொங்கினால் அதே அளவு ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் முடியும். சன்னல் கம்பியில் மாட்டிய எஸ் கொக்கி போதும், சலைன் ஸ்டாண்டு வாங்குவது வீண் செலவு.

அதிகமாகக் குழப்புவது ஊசிதான். சாதாரண ஊசியில் 18 ஜி என்பது இளஞ்சிவப்பு, 20 ஜி மஞ்சள், 21 ஜி பச்சை, 23 ஜி நீலம். நரம்பில் போடும் கேனுலாவில் நிறக்கணக்கு வேறு: அங்கே 18 ஜி பச்சை, 20 ஜி இளஞ்சிவப்பு. நிறத்தைச் சொல்லி வாங்காமல் எண்ணைச் சொல்லி, "கேனுலா இல்லை, ஊசி" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நாய்க்கு வலிக்குமே என்று மெல்லிய 23 ஜி வாங்குபவர்கள் உண்டு. குத்தும் வலி குறையும், ஆனால் ஏறும் நேரம் பல மடங்காகும். நாய்க்குப் பிடிக்காதது குத்தலைவிட அசையாமல் நிற்க வேண்டிய அந்த நேரம்தான். சிறிய இன நாய்க்கு 20 ஜி நல்ல சமரசம். நீளம் ஒரு அங்குலம் போதும். ஒன்றரை அங்குல ஊசி தோல் மடிப்பின் மறுபக்கம் வெளியே வந்து, மருந்தெல்லாம் ரோமத்தில் வழியும். துள்ளும் நாய்க்கு குட்டிக் குழாயோடு வரும் ஸ்கால்ப் வெயின் செட் உதவும். நாய் அசைந்தாலும் ஊசி பிடுங்கிக்கொண்டு வராது.

ஒவ்வொரு முறையும் புது ஊசி. இதில் சிக்கனம் கூடவே கூடாது. ஒரு முறை குத்திய ஊசியின் முனை மழுங்கிவிடும், இரண்டாம் முறை நாய் கத்துவதற்கு அதுதான் காரணம்.

ஏற்றும் முறை மருத்துவமனையில் ஒரு தடவை பார்த்தால் புரிந்துவிடும். அங்கேயே உங்கள் கையால் ஒரு முறை செய்துகாட்டிவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்தபின் மறந்துபோவது வரிசைதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முதலில் குழாயின் உருளைப் பூட்டை மூடுங்கள், பிறகுதான் பாட்டிலில் செருகவேண்டும். சொட்டு அறையை அமுக்கிப் பாதி நிரப்பி, பூட்டைத் திறந்து குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, மறுபடி மூடி, ஊசியை மாட்டுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிவாரத்தில் முதுகுக்கு இணையாக ஊசியைச் செலுத்திப் பூட்டைத் திறங்கள். சொட்டு விழவில்லை என்றால் ஊசி முனை உள்தோலில் முட்டிக்கொண்டிருக்கும், கால் சுற்று திருப்பினால் ஓடும். முடிந்ததும் பூட்டை மூடி, ஊசியை உருவி, துளையை ஒரு நிமிடம் விரலால் கிள்ளிப் பிடியுங்கள். அப்படியும் இரண்டு சொட்டு ரத்தமோ நீரோ கசிந்தால் பயப்பட வேண்டாம். தோலுக்கடியில் சிறு காற்றுக்குமிழி போனாலும் ஒன்றும் ஆகாது, அமுக்கினால் சரசரக்கும், தானே கரையும்.

அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி.க்கு மேல் போகாமல் பார்ப்பது வழக்கம். பாட்டிலில் மார்க்கர் பேனாவால் தொடங்கும் கோடும் நிறுத்தும் கோடும் போட்டுக்கொள்ளுங்கள், ஏற்றும்போது மனக்கணக்கு தவறும். ஏற்றியதும் முதுகில் ஒட்டகத் திமில்போல் ஒரு வீக்கம் நிற்கும். அது சரிந்து முன்னங்காலுக்கோ நெஞ்சுக்கோ இறங்கும், பாதி நாளுக்குள் வற்றிவிடும். மறுநாளும் வற்றாமல் நின்றால் அடுத்த பாட்டிலை மாட்டாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீக்கம் சூடாகச் சிவந்து, தொட்டால் நாய் சுருங்கினால் அது தொற்று.

தூங்கும்போது நாயின் மூச்சை எண்ணுவது இந்தச் சிகிச்சையின் இலவசப் பாதுகாப்புக் கருவி. நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ, இருமல் சேர்ந்தாலோ தண்ணீர் மிகுந்துவிட்டது என்று பொருள்.

பாட்டிலின் கதகதப்பு விஷயத்தில் ஊரும் மாதமும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மதுரையில் பாட்டிலைச் சூடாக்கத் தேவையில்லை. மார்கழியிலும் ஊட்டி, கொடைக்கானலிலும் தேவை. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதிக்கும் சூடு தங்கிவிடும்.

பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுவைத்து கிளினிக்கில் ஒப்படைக்கலாம். குப்பைப் பையில் போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

அடுத்து உணவு. ராயல் கேனின், ஹில்ஸ், ஃபார்மினா மூன்றிலும் சிறுநீரக நாய்களுக்கென்று தனி உணவு இருக்கிறது. விலை கையைக் கடிக்கும். ஆனாலும் இந்த நோய்க்குச் சொல்லப்படும் வழிகளில் உறுதியான சான்றுள்ளது இதுதான். 2002-ல் அமெரிக்காவில் 38 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், பாஸ்பரஸ் குறைத்த இந்த வகை உணவைத் தின்ற நாய்கள், சாதாரண உணவு தின்றவற்றைவிட ஓராண்டுக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தன. ஆனால் எப்போது தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நாளில் புது உணவை வைத்தால், அந்த வாசனையையும் குமட்டலையும் நாய் முடிச்சுப்போட்டுவிடும், பிறகு ஜென்மத்துக்கும் தொடாது. குமட்டலுக்கு மருந்து கொடுத்து அடங்கிய பிறகு, பழைய உணவில் கால் பங்கு கலந்து தொடங்குங்கள். பெரிய பை வேண்டாம், இருப்பதில் சிறியதை வாங்குங்கள். கடைசி வாரங்களில் இந்த விதியெல்லாம் தளரும். சோறும் முட்டை வெள்ளையும் தின்னும் என்றால் அதைக் கொடுங்கள், தின்பதுதான் முக்கியம்.

எலும்பு, ஈரல், உப்பு சேர்த்த குழம்புச் சோறு அப்போதும் வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்கே நஞ்சு. சோர்ந்து கிடக்கிறதே என்று இளநீர் கொடுப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். சிறுநீர் குறைந்துவிட்ட நாய்க்கு அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். வாழைத்தண்டுச் சாறும் இதே கணக்கில்தான்.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து எழுதியிருந்தால் சாப்பாட்டோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். அது உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிணைக்கும் மருந்து, வெறும் வயிற்றில் கொடுத்தால் பிணைக்க அங்கே எதுவும் இல்லை. வீட்டிலிருக்கும் ஆன்டாசிட் டானிக் அதற்கு மாற்றாகாது, பலவற்றில் மக்னீசியம் கலந்திருக்கும். வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நிமெசுலைடு எதையும் தொடாதீர்கள், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அவை முடித்துவிடும். மனிதருக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு உயிராபத்து. 'கிட்னி டானிக்' என்று கடைகளில் வண்ணப் பெட்டியில் வரும் சிரப்புகளுக்கு நாங்கள் மதிப்பெண் தரமாட்டோம், அந்தக் காசில் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்யலாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இதற்கு நல்ல இடம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

காசே இல்லாத ஒரு கருவியும் உண்டு. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த வாழ்க்கைத்தர அளவுகோல். வலி, பசி, உடலில் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்பது: இந்த ஏழுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். இதன் குறை, வீட்டில் ஒருவர் 45 போடுவார், இன்னொருவர் 25 போடுவார். தனித்தனியாகப் போட்டு, காலண்டர் தாளில் தினமும் எழுதி, வாரக் கடைசியில் ஒப்பிடுங்கள். அன்றைக்கு ஊசியைப் பார்த்ததும் நாய் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்ததா என்பதையும் எழுதுங்கள். தினமும் ஒளியும் நாய்க்கு இந்தச் சிகிச்சை நிம்மதி தரவில்லை, இடைவெளியைக் கூட்டலாமா நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் பேச அதுவே காரணம்.

கருணைக் கொலை பற்றிய பேச்சையும் அந்தக் காலண்டரோடு சேர்த்தே மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வருவாரா, இரவில் வருவாரா, கடைசி ஊசிக்கு முன் மயக்க ஊசி போடுவாரா, அடக்கத்துக்கோ எரியூட்டலுக்கோ உள்ளூரில் என்ன ஏற்பாடு என்று நான்கு கேள்வி. மயக்க ஊசி இல்லாமல் நேரடியாகப் போடுவதாகச் சொன்னால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

பாட்டில்களை மட்டும் பெட்டிக் கணக்கில் வாங்க வேண்டாம். தள்ளுபடி தருவார்கள்தான். அளவு வாரத்துக்கு வாரம் மாறும், சில நாய்களுக்கு மருத்துவர் ஆர்.எல்.லை நிறுத்தி வேறு எழுதுவார், விற்ற பாட்டிலைத் திரும்ப எடுக்கும் கடை அரிது. ஒரு வாரத்துக்கு வேண்டியதும் கூடுதலாக ஒன்றும் இருந்தால் போதும். ஊசி மட்டும் பத்து சேர்த்தே வாங்கலாம், குத்தும்போது தவறி வீணாவது அதுதான்.