சென்னையின் எஃப்சி 2015: கோப்பை அசல், சீசன் பாதி விலைதான் பெறும்

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. சென்னையின் எஃப்சி கால்பந்து அணி கோப்பை ஜெயித்த 2015 சீசனுக்கு இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் டிசம்பரை மட்டும் பார்த்தவர்கள். அக்டோபர் 3 அன்று நேரு ஸ்டேடியத்தில் அட்லெடிகோ டி கொல்கத்தாவிடம் 2-3 என்று தோற்றதிலிருந்து டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த மார்க்கே தாராளம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்) 8 அணிகள், ஆளுக்கு 14 லீக் ஆட்டங்கள், முதல் 4 இடத்தில் இருப்பவர்களுக்கு அரையிறுதி. சென்னையின் முதல் 10 ஆட்டம்: 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. போட்டது 13 கோல், வாங்கியது 14. பட்டியலில் கடைசி. அடுத்த 4 ஆட்டம்: கேரளாவை 4-1, டெல்லியை 4-0, மும்பையை 3-0, புனேவை 1-0. போட்டது 12, வாங்கியது ஒன்றே ஒன்று. 22 புள்ளியோடு மூன்றாம் இடம். ஒரே பெயரில் இரண்டு அணிகளை விற்ற மாதிரி இருக்கிறது.

இதை அதிசயம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் எது கெட்டிருந்தது, எது சரியானது என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு மாயமில்லை. தடுப்பாட்டம் கெட்டிருக்கவே இல்லை. 14 ஆட்டத்தில் 15 கோல் என்பது அந்த லீகிலேயே குறைவு. மைல்சன் ஆல்வெஸும் பெர்னார்ட் மெண்டியும் நடுவில் நின்ற பின்வரிசையை யாரும் கிழித்துத் தொங்கவிடவில்லை. தோற்றதெல்லாம் ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தில்தான். கோளாறு முன்னால். அந்த 6 தோல்வியிலும் சேர்த்து சென்னை போட்டது வெறும் 4 கோல். முதல் பத்து ஆட்டத்தில் போட்ட 13 கோலில் நான்கு, ஃபடோர்டா மைதானத்தில் கோவாவை 4-0 என்று அடித்த ஒரே ராத்திரியில் வந்தவை. அன்று முன்கள வீரர் ஸ்டீவன் மென்டோசாவுக்கு ஹாட்ரிக்.

மென்டோசாவுக்கு ஓட இடம் வேண்டும். கோவா மாதிரி முன்னேறி ஆடும் அணி அந்த இடத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கும். எதிரணி தன் பெனால்டி பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசை கட்டி உட்கார்ந்துவிட்டால் தடுப்பாளர்களுக்குப் பின்னால் அவர் ஓட இடமே இருக்காது. பந்து நடுக்கள வீரர் எலானோவின் காலுக்குப் போய், அங்கிருந்து பக்கவாட்டில் சுற்றும். 2014-இல் 8 கோல் அடித்து லீகின் தங்கக் காலணியை வாங்கியவர் எலானோ. அந்த அணி அவரைச் சுற்றியே ஓடியது. 2015-இல் அதே பழக்கம் அணியை மெதுவாக்கியது என்பதுதான் என் எண்ணம்.

சரியானது எப்படி? பழைய ஆட்டங்களைப் பார்க்க நினைப்பவர்கள் நவம்பர் 21, கேரளா ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதிலும் பந்தைப் பார்க்காதீர்கள், இன்னொரு முன்கள வீரர் ஜேஜே லால்பெக்லுவாவைப் பாருங்கள். கோலுக்கு முதுகு காட்டி அவர் பத்துப் பதினைந்து அடி கீழே இறங்குவார். அவரைப் பிடிக்க எதிரணியின் நடுத் தடுப்பாளர் (சென்டர் பேக்) ஒருவர் பின்னாலேயே வருவார். அந்தத் தடுப்பாளர் விட்டு வந்த இடத்துக்கும் ஓரத் தடுப்பாளருக்கும் (சைடு பேக்) நடுவில் ஒரு சந்து திறக்கும். மென்டோசா ஆஃப்சைடு கோட்டில் சும்மா நிற்கிற மாதிரி நின்று, பாஸ் கிளம்பும் நொடியில் அந்தச் சந்துக்குள் குறுக்காகப் பாய்வார். ஒரு கணம் முன்னால் கிளம்பினால் கொடி உயரும். ஒரு கணம் பிந்தினால் சந்து அடைபடும். அன்றும் அவருக்கு ஹாட்ரிக். புரூனோ பெலிசாரி முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால், பத்தாம் நம்பர் இடத்தில் நின்று பந்தை இரண்டே தொடுதலில் விட்டதும் இதற்கு முக்கியம். பந்தைப் பிடித்து வைத்திருந்தால் இந்த வேலை நடக்காது.

லீக், பிளே-ஆஃப் எல்லாம் சேர்த்து சென்னையின் கணக்கில் 32 கோல். அதில் 13 மென்டோசாவுடையது, 6 ஜேஜேவுடையது. இரண்டு பேர் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது ஆபத்து. அந்த ஆபத்துக்கான பில் அடுத்த வருடம் வந்தது.

இந்திய வீரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போதைய விதிப்படி களத்தில் குறைந்தது 5 இந்தியர்கள் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆறு பேர் எல்லா அணியிலும் ஏறக்குறைய ஒரே தரம்; வித்தியாசம் அந்த ஐந்து பேரில்தான் தெரியும். ஜேஜே, தோய் சிங், ஹர்மன்ஜோத் காப்ரா, மெஹ்ராஜுதீன் வாடூ, தனச்சந்திர சிங் என்று பயிற்சியாளர் மார்கோ மாட்டெராசி கையில் இருந்தவர்கள் ஓட்டத்துக்கும் சண்டைக்கும் சளைக்காதவர்கள். தமிழ்நாட்டுப் பையன்களைத் தேடியவர்களுக்கு மட்டும் ஏமாற்றம்.

மைதானத்துக்கு மார்க் குறைக்காமல் முடியாது. நேரு ஸ்டேடியத்தில் களத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் கீழ் அடுக்கின் முன்வரிசை எட்டவும் இருக்கும், தாழவும் இருக்கும். எதிர்ப்பக்க கோலில் நடப்பது தலைகளின் அசைவாகத்தான் தெரியும். ஜேஜே இறங்குவதும் சந்து திறப்பதும் புரிய வேண்டுமென்றால் மேல் அடுக்கு, நடுக்கோட்டுக்கு நேர். சத்தமும் கூட்டமும் வேண்டுமென்பவர்கள் கீழே உட்காரட்டும்.

உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு நஷ்டம். டிசம்பர் வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டம் சென்னையில் நடக்கவில்லை. புனே பாலேவாடிக்குப் போனது. சீசனின் ஆகச் சிறந்த ஆட்டம் அதுதான்: டிசம்பர் 12, கொல்கத்தாவை 3-0. பெலிசாரி, ஜேஜே, மென்டோசா ஆளுக்கு ஒன்று. பதில் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2. அந்த ஒரு கோலைப் போட்டவர் ஃபிக்ரு, முந்தைய வருடம் கொல்கத்தாவுக்கு ஆடியவர். கொல்கத்தா ரசிகர்களுக்கு அது உறைத்திருக்கும்.

டிசம்பர் 20, ஃபடோர்டாவில் இறுதி ஆட்டம், கோவாவின் சொந்த மண். முழுதாகப் பாருங்கள், ஹைலைட்ஸ் போதாது. 54-வது நிமிடம் பெலிசாரியின் பெனால்டியை கோவா கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் கோவாவின் ஹாவோகிப் சமன் செய்தார். சிறிது நேரத்தில் மென்டோசாவின் பெனால்டியையும் கட்டிமணி பிடுங்கினார். 87-இல் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் கோவாவுக்கு 2-1. ஆட்டம் முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். 90-வது நிமிடம், உயரே வந்த பந்தைத் தட்டப் போன அதே கட்டிமணியின் கையில் பட்டு பந்து சொந்த வலைக்குள் விழுந்தது. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் இரண்டாவது நிமிடம் மென்டோசா. 3-2. இரண்டு பெனால்டியைத் தடுத்த ஒரு கோல்கீப்பர் தோற்ற அணியில் இருந்தார். பாவம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

அப்போதைய லீகின் வடிவமும் சென்னைக்குச் சாதகம். 2014-இல் இதே அணி பட்டியலில் முதலிடம் பிடித்து அரையிறுதியில் கேரளாவிடம் போனது. 2015-இல் மூன்றாம் இடத்திலிருந்து கோப்பை. அக்டோபரில் யார் நன்றாக ஆடினார்கள் என்பதை அந்த அமைப்பு பெரிதாகக் கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் யார் கால் ஓடியது என்பதுதான் கேள்வி.

விற்பனைக்குப் பிந்தைய சேவை மோசம். 2016-இல் மென்டோசாவும் இல்லை, எலானோவும் இல்லை. அதே மாட்டெராசியோடு ஏழாம் இடம். நம்பி வாங்கக்கூடிய சென்னை வேண்டுமென்றால் 2017-18-ஐ எடுங்கள். ஜான் கிரகரி பயிற்சியில் 18 ஆட்டத்தில் 32 புள்ளி, இரண்டாம் இடம். இறுதியில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2. மைல்சன் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அது ஐந்துக்கு நாலரை. ஆனால் ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஃபடோர்டா இறுதியைப் போடுங்கள், 54-வது நிமிடத்திலிருந்து.